டெல்மரின் கோதுமை பீரில் என் பங்கு

வீட்டில் பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி வேலை பாத்திரம் கழுவுவதுதான். ஆரம்பத்தில் இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேர் முதல் வாரமே ஓடிவிடுவார்கள், எங்கள் பீர் காய்ச்சுவோர் சங்கத்துக்கு ஆள் கிடைக்காது.

டெல்மர் நோவாக் இறந்த இரண்டாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, நீங்கள் என் சமையலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். இருபத்தாறு வருஷம் குழாய் வால்வுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். தப்பான தாளில் என் கையெழுத்து இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நீங்கள் அதை விபத்து என்று எழுதி மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மேல் குறை சொல்லவில்லை, நான் சொன்னதை வைத்துத்தானே எழுதினீர்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ஜோயன் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தாள். உள்ளே ஒரு வாளி, ரப்பர் குழாய், ஒரு டின் மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லிப் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட். முதல் தடவை காய்ச்சியபோது பாகு பொங்கி அடுப்பு முழுக்க வழிந்து கருகிப் பிடித்தது. ஜோயன் மூன்று நாள் சுரண்டினாள். அதற்கப்புறம் கராஜுக்குத் துரத்தப்பட்டேன். எங்கள் ஊர் ஷெபாய்கனில், பனி உறையும் ஜனவரி மாதம், கராஜில் தண்ணீர் கொதிக்க வைக்கிறவன் ஒன்று பைத்தியம், இல்லை பீர் காய்ச்சுகிறவன். மூன்றாவது வருஷம் பேஸ்மென்டை உடைத்துத் தரையில் வடிகால் போட்டேன். அப்புறம் எஃகு அண்டா மூன்று, பம்பு, பீர் ஒரே சூட்டில் புளிப்பதற்கு ஒரு பழைய ஃப்ரீசர். ஃப்ரீசரில் நானே கருவி பொருத்தினேன். உள்ளே சூடு அரை டிகிரி நகர்ந்தால் விளக்கு எரியும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம். ஜோயன் மாடிசனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்க மாட்டே. அந்த ஃப்ரீசரத் தினம் நாலு தடவ தொட்டுப் பாக்குறே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் தப்பில்லை, நாலு தடவைதான்.

இவ்வளவும் எதற்காக என்றால், மதிப்பெண்ணுக்காக. எங்கள் ஏரிக்கரைச் சங்கம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் போட்டி நடத்தும். லேபிள் இல்லாத புட்டி, மூடியில் ஒரு எண் மட்டும். நடுவர்கள் யாருடையது என்று தெரியாமல் மோந்து, குடித்து, ஐம்பதுக்கு மதிப்பெண் போட்டு, தாளில் குறிப்பு எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொன்று. அடுத்த வருஷம் முப்பத்திரண்டு. அதற்கடுத்த வருஷம் மறுபடி முப்பத்தொன்று. ஒரு தாளில் என்ன எழுதியிருந்தது என்று சொல்கிறேன்: "குறை எதுவும் தெரியவில்லை. நினைவில் நிற்கவும் இல்லை." குறை இல்லாததற்கு எப்படி ஐயா பத்தொன்பது மதிப்பெண் குறைப்பது? தொழிற்சாலையில் அப்படி ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மண்டை காய்ந்துபோனது எனக்கு.

டெல்மர் பக்கத்து வீடு. நடுவில் ஒரு வேலிச்செடி வரிசைதான். பால் டாங்கர் ஓட்டுகிறவன், என் வயதுதான். அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன், தூக்கிவிட்டுப் போகாமல் ஆறு வருஷம் நின்றுவிட்டான். அவனுக்குக் காய்ச்சுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. கிளறுவதற்கு மீன்பிடிப் படகின் துடுப்பு, அதைத் தோட்டத்துக் குழாயில் அலசுவான், அவ்வளவுதான் சுத்தம். அளவு கிடையாது, குறிப்பு கிடையாது. ஒரு பழைய பால் பில்லின் முதுகில் நாலு வரி எழுதி, அதற்கு 'நோட்டுப் புத்தகம்' என்று பெயர் வைத்திருந்தான். முதல் போட்டியிலேயே கோதுமை பீருக்கு முப்பத்தெட்டு வாங்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "வெண்டல், கோச்சுக்காதடா. நடுவருக்கு ஜலதோஷமா இருந்திருக்கும்" என்றான். நான் சிரித்தேன். வயிறு எரிய எரியச் சிரிப்பது கஷ்டமான காரியம், ஆனால் பழகினால் வரும்.

அவன் கெட்டவன் இல்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும். மார்லிஸ், அவன் மனைவி, பன்றித் தொத்திறைச்சி சுட்டால் எனக்கு இரண்டு எடுத்து வைப்பாள், அவன் கொண்டுவந்து கொடுப்பான். என் பேஸ்மென்டுக்கு வந்தால் ஒவ்வொரு கருவியையும் தட்டிப் பார்ப்பான். "நீ பீர் காய்ச்சலடா வெண்டல். பரீட்சை எழுதுற" என்பான். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்ல மாட்டான். அதுதான் எரிச்சல். மனதில் வைத்துச் சொன்னால் சண்டையாவது போடலாம்.

இந்த வருஷம் போட்டியில் ஒரு புது விஷயம். ஆற்றங்கரையில் இருக்கும் பீர் ஆலை, முதல் பரிசு வாங்கும் பீரைத் தங்கள் பெரிய அண்டாவில் காய்ச்சி, ஊர் முழுக்க மதுக்கடைகளில் ஊற்றுவதாகச் சொன்னது. காய்ச்சியவன் பெயரோடு. எனக்கு அறுபத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. ஏதாவது ஒரு மதுக்கடையில் பீர்க்குழாயின் பிடியில் 'ஹாஸ்' என்று என் குடும்பப் பெயர் எழுதியிருப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசையா அது? நானும் கோதுமை பீர்தான் காய்ச்சினேன். டெல்மரும் கோதுமை பீர்தான் காய்ச்சினான்.

இப்போது முதல் திருத்தம். புட்டியில் அடைத்த அன்றைக்கு நான் மூடி மட்டும்தான் அழுத்தினேன் என்று சொன்னேன் இல்லையா? புட்டி அடைப்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். தனியாகச் செய்ய முடியாது, ஒருவன் நிரப்ப வேண்டும், ஒருவன் மூட வேண்டும். வந்து உதவுகிறவனுக்கு ஒரு பெட்டி பீர் கூலி. ஜூலை மூன்றாம் வாரம், சனிக்கிழமை காலை, அவன் பேஸ்மென்டுக்குப் போனேன். வாளியின் மேலே இருக்கும் குழாயில் குமிழி வருவது நின்று நாலு நாள் ஆயிற்று என்றான். குமிழி நின்றால் பீர் ஆகிவிட்டது என்று நினைப்பது புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் செய்யும் தப்பு. சில சமயம், சர்க்கரையைத் தின்று வாயு விடும் ஈஸ்ட், பேஸ்மென்ட் குளிர்ச்சியில் சும்மா தூங்கிப்போயிருக்கும். சர்க்கரை அப்படியே மிச்சம் இருக்கும். அதைப் புட்டியில் அடைத்தால் உள்ளே மறுபடி விழித்துக்கொண்டு வேலையைத் தொடரும், வாயு வெளியே போக வழி இருக்காது. அதனால்தான் மிதவை போட்டுப் பார்க்கிறோம். எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று அது காட்டிவிடும்.

டெல்மர் ஒருநாளும் மிதவை போட்டுப் பார்த்ததில்லை, அதுதான் காரணம் என்று உங்களிடம் சொன்னேன். உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவன் கேட்டான்.

"நீதான் டாக்டராச்சே. இந்தத் தடவ ஒழுங்கா பண்ணலாம்னு இருக்கேன்டா. ஒரு தடவ உன் மிதவையப் போட்டுப் பாத்துச் சொல்லேன்."

"என்னடா திடீர்னு?"

"ஊர் பூரா குடிக்கப்போகுதுடா, நான் ஜெயிச்சா. எவனுக்காவது வயித்தால போச்சுன்னா மார்லிஸ் என்னக் கொன்னே போடுவா."

போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டில் நிற்க வேண்டியது இருபத்திரண்டில் நின்றது. அந்த வாளியிலிருந்து கொஞ்சம் குடித்தும் பார்த்தேன். சர்க்கரை மிச்சம் இருந்தும் அது நன்றாக இருந்தது. துடுப்பால் கிளறி, அளக்காமல், பால் பில்லில் எழுதிக் காய்ச்சிய பீர், வாயில் வைத்ததும் இன்னொரு மடக்கு கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டெல்மர் அதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு நல்லாவாடா இருக்கு?" என்று கேட்டான்.

"முடிஞ்சிருச்சு. அடைக்கலாம்" என்றேன்.

சர்க்கரையை நான்தான் நிறுத்தேன். நுரை வருவதற்காகப் புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது எல்லோரும் செய்வது. அவன் தராசு மாவுப்பொடி படிந்து கிடந்தது, என்னுடையதைக் கொண்டுபோயிருந்தேன். அவன் வழக்கமாகப் போடுகிற அளவு எனக்குத் தெரியும். இரண்டு மடங்கு போட்டேன். இது இரண்டாவது திருத்தம்.

என் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூடியைத் திறந்ததும் பீர் முழுக்க நுரையாகப் பொங்கி மேஜையில் வழியும், நடுவர்கள் முகத்தைச் சுளித்துத் தள்ளி வைப்பார்கள். அதற்கு மேல் அன்றைக்கு நான் எதையும் நினைக்கவில்லை. போட்டிக்குப் போகும் மூன்று புட்டிகளுக்கு என்னுடைய கனமான கண்ணாடிப் புட்டிகளையே கொடுத்தேன். நடுவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும், அவர்கள் முகத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது அல்லவா? மீதி நாற்பத்தைந்தும் அவன் மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த மெல்லிய புட்டிகள், திருகுமூடிப் புட்டிகள். அவற்றில் அடைக்கக் கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஒருவனுக்கு எத்தனை தடவை சொல்வது?

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் வைக்கப் பார்த்தான். தண்ணீர் சூடாக்கும் தொட்டிக்குப் பின்னால், அலமாரியில் கண் மட்டத்துக்கு வை என்றேன். சூட்டில் சீக்கிரம் நுரை பிடிக்கும். அதுவும் சரியான ஆலோசனைதான், அளவான சர்க்கரை போட்டிருந்தால்.

பத்தாம் நாள் மூன்று புட்டிகளையும் சங்கத்தின் குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைத்தான். போட்டிக்கு முன்னால் அப்படிக் கொடுத்துவிட வேண்டும். பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் என் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"டேய் வெண்டல், கீழ ஒரு பாட்டில் வெடிச்சிருச்சுடா. மார்லிஸ் நான்தான் அலமாரியச் சாச்சிட்டேன்னு கத்துறா."

"ஒண்ணுதானா?"

"ரெண்டு. இல்ல, இரு... ஆமா, ரெண்டுதான். சுவரெல்லாம் பீரு. நாய்க்குக் கொண்டாட்டம். என்னடா பண்றது? இப்படியே விட்டுட்டு மேல போயிடவா?"

மூன்றாவது திருத்தம் இங்கேதான். ஜாக்கிரதையாக இரு என்று சொன்னதாக உங்களிடம் சொன்னேன். அப்படிச் சொல்லவில்லை. ஒரு புட்டி வெடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மறுநாள் முகத்துக்கு மூடி, கைக்குக் கனமான உறை, கழுத்தைச் சுற்றித் துண்டு, அப்புறம்தான் உள்ளே போக வேண்டும். சங்கத்தில் இதைப் பற்றி நானே ஒரு தடவை பேசியிருக்கிறேன். டெல்மர் அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து சீஸ் தின்றுகொண்டிருந்தான், காதில் வாங்கவில்லை. ஆனால் அவனுக்கே உள்ளூர ஏதோ தோன்றியிருக்கிறது, மேல போயிடவா என்று கேட்டான் பாருங்கள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஆறு வருஷத்தில் அவன் என்னை உண்மையாக யோசனை கேட்டது இரண்டே தடவைதான். இரண்டும் அந்த மாதத்தில். அதற்கு முன்னால் கேட்டிருந்தால் எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

"போகாத. ஏன் வெடிச்சுதுன்னு பாக்கணும். ஒண்ண எடுத்து பல்புக்கு நேராத் தூக்கிப் பிடி. அடியில வண்டல் கிளம்பிச் சுத்துதான்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

"சரிடா. இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்... சரியாத் தெரியல, கண்ணாடி எடுத்துட்டு வரல."

"கிட்டத்துல வச்சுப் பாரு" என்றேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கார் கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி. அதைத் தொடர்ந்து அலமாரியில் இருந்தவையும் வரிசையாக. பிறகு நாய் குரைத்தது. என் பெயரை ஒரு தடவை சொன்னான் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் அதை எழுத வேண்டாம். நான் போனை வைத்துவிட்டு அண்டாவைத் துடைத்தேன். எஃகை ஈரமாக விட்டால் கறை படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. துடைத்துக் கவிழ்த்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனேன். மார்லிஸ் கையில் உருளைக்கிழங்கு தோலோடு படியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸை அவளே கூப்பிட்டிருந்தாள். கண்ணாடி அறுத்திருந்த டெல்மரின் கழுத்தில் துண்டை வைத்து அழுத்தினேன், ஆள் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அது நான் சொன்னபடியே உண்மை, அதில் திருத்தம் இல்லை.

சவ அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சில் ஹாம் ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். மார்லிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீதான் துண்ட அழுத்திப் புடிச்சிட்டு இருந்தே வெண்டல். அந்தப் பாழாப்போன பீரு விஷயத்துல அவன் உன்ன மட்டும்தான் நம்பினான்" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அது வரைக்கும் எல்லாம் அப்படியே போயிருக்கலாம். நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். போட்டிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சனிக்கிழமை நடத்தினார்கள். ஒரு நிமிஷம் மௌனம், பிறகு முடிவுகள். எனக்கு முப்பத்து நாலு. பத்தொன்பது வருஷத்தில் அதிகம் அதுதான். ஒருவரும் கை தட்டவில்லை. முதல் பரிசு நாற்பத்தாறு மதிப்பெண், மூடியில் இருந்த எண்ணைப் பட்டியலில் பார்த்தார்கள், டெல்மர் நோவாக். அரங்கமே எழுந்து நின்று அழுதது. மார்லிஸுக்குப் பதிலாக மேடைக்குப் போய் அந்தத் தாளை வாங்கச் சொல்லி என்னைத்தான் தள்ளிவிட்டார்கள்.

காரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அவன் பீரைப் பற்றி முந்தைய வருஷங்களில் நடுவர்கள் எழுதிய ஒரே புகார், குமிழி பத்தாது, சற்றுச் சோம்பலாக இருக்கிறது என்பதுதான். சர்க்கரையைக் கஞ்சத்தனமாகப் போடுவான். இந்தத் தடவை எழுதியிருந்தது இது: "குமிழி அபாரம். நுரை கடைசி மடக்கு வரை கலையவில்லை. இந்தப் பீரைத் தூக்கி நிறுத்துவதே அந்தத் துள்ளல்தான். காய்ச்சியவருக்குத் தன் கைமேல் எவ்வளவு நம்பிக்கை!" கனமான புட்டி, சூடான அலமாரி, இரண்டு மடங்கு சர்க்கரை. மூன்றும் யாருடைய வேலை? நான் வழியும் என்று நினைத்தது, பத்தாம் நாளே சங்கத்தின் குளிர்பெட்டிக்குப் போய்விட்டதால் வழியவில்லை, சரியாக நின்றுவிட்டது. அந்தத் தாளை நாலு தடவை படித்தேன். பிறகு ஸ்டியரிங்கைக் குத்தினேன், விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

இப்போது ஆற்றங்கரை ஆலையில் 'டெல்மரின் கோதுமை' என்று எழுதி, அவன் டாங்கர் பக்கத்தில் நிற்கும் படத்தையும் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் காய்ச்சப்போகிறார்கள். போன திங்கட்கிழமை அங்கே போனேன். எந்த அளவில் வாயு ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண், தலைமைக் காய்ச்சுநர், மார்லிஸ் கொடுத்த பால் பில்லைக் காட்டினாள். அதில் டெல்மரின் பழைய அளவு இருந்தது, அந்தச் சோம்பல் அளவு. இது தப்பு, இதன்படி செய்தால் பீர் சப்பென்று இருக்கும், பரிசு வாங்கிய பீர் இது இல்லை என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "புரியுதுங்க. உங்களுக்கு அவர் எவ்வளவு வேண்டியவர்னு மார்லிஸ் சொன்னாங்க. ஆனா அவர் கையால எழுதினத நாங்க மாத்த மாட்டோம்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உண்மையான அளவு எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல் அவளை நம்ப வைக்க வழியில்லை. அதைச் சொல்வதென்றால் முறையாக இங்கே வந்து சொல்வதுதான் சரி என்று பட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மிதவை இருபத்திரண்டில் நின்றது, எனக்குத் தெரியும். சர்க்கரையை நான் போட்டேன். கண்ணுக்குக் கிட்டத்தில் பிடிக்கச் சொன்னது நான், என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், கொலை என்றால் கொலை, கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். இந்தத் தாளின் ஒரு பிரதி அந்த ஆலைக்குப் போக வேண்டும், காய்ச்சியவர்கள் இரண்டு பேர் என்று அவர்கள் அந்தச் சுவரொட்டியைத் திருத்த வேண்டும். என் பெயரை முதலில் போட்டாலும் டெல்மர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு என்மேல் ரொம்பப் பிரியம்.